விடெரோ: நோர்வேயின் சிற்றூர்களை இணைக்கும் விமானப் பாதைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேக்கு உறவினரைப் பார்க்க வருகிறவர்கள், துருவ ஒளி பார்க்க வருகிறவர்கள், புதிதாக வேலை கிடைத்து வடக்கே போகிறவர்கள் எல்லோரும் விடெரோ விமானங்களைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பயண நேரங்களும் கட்டணங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அவற்றுக்குள் அதிகம் போகவில்லை. இந்தப் பாதைகள் ஏன் இப்படி அமைந்தன என்பதைத்தான் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

விடெரோ எப்படிப்பட்ட நிறுவனம்?

1934 பெப்ரவரியில் விக்கோ விடெரோ என்ற விமானியும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. அந்தக் காலத்தில் நிலையான பாதை என்று பெரிதாக எதுவும் இல்லை. வாடகைப் பறப்பு, விளம்பரப் பறப்பு, வானிலிருந்து படம் பிடித்தல் என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். நோர்வேயின் பழைய பண்ணை வீடுகளில் அந்தப் பண்ணையை மேலிருந்து எடுத்த படம் ஒன்று சுவரில் தொங்குவதைப் பார்க்கலாம். அவற்றில் பல விடெரோ எடுத்து விற்றவை. விக்கோவின் மகள் தூரி விடெரோவும் விமானிதான். குடும்ப நிறுவனத்தில் பறந்துவிட்டு எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்துக்குப் போய், 1969-இல் மேற்கு நாடுகளின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் பறந்த முதல் பெண் விமானி என்று பெயர் பெற்றார்.

இன்று நிறுவனத்தின் தலைமையகம் பூடோ நகரில் இருக்கிறது. 2002-இல் எஸ்ஏஎஸ் கைக்குப் போனது, 2013-இல் மீண்டும் நோர்வேக்காரர்களுக்கு விற்கப்பட்டது. 2024 ஜனவரியில் 112.5 கோடி நோர்வே குரோனருக்கு 'நோர்வீஜியன்' என்ற பெயருள்ள விமான நிறுவனம் அதை வாங்கியது. கை மாறினாலும் பெயரும் பச்சை நிறமும் மாறவில்லை, பாதைகளும் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன.

இவ்வளவு சின்ன ஊர்களுக்கெல்லாம் ஏன் விமானம்?

வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். நோர்வேயின் கரை முழுவதும் கடல் உள்ளே புகுந்து பிளந்து கிடக்கிறது. நேராகப் பார்த்தால் எதிர்க்கரையில் தெரியும் ஊருக்குப் போக, மலையைச் சுற்றி, படகேறி, மறுபடி மலையைச் சுற்ற வேண்டும். நோர்வேயின் தெற்கிலிருந்து வரும் ரயில் பூடோவோடு நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே நார்விக்குக்கு ரயில் உண்டு என்றாலும் அது சுவீடன் வழியாக வருவது. ட்ரொம்சோவுக்கு ரயிலே இல்லை. ஒஸ்லோவிலிருந்து கிர்கெனெசுக்குக் காரில் போகிறவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே போவதைவிட சுவீடன், பின்லாந்து வழியாகப் போனால் தூரம் குறைவு என்று அந்த வழியைத்தான் எடுக்கிறார்கள். 1893 முதல் ஓடும் கரையோரக் கப்பல் பேர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைகளில் நின்று போகிறது. அழகான பயணம்தான். ஆனால் நாளை காலை மருத்துவமனையில் இருக்க வேண்டியவருக்கு அது உதவாது.

இதற்கு 1960-களில் அரசு ஒரு முடிவெடுத்தது. பெரிய விமான நிலையம் கட்ட இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே 800 மீட்டர் அளவில் குட்டி ஓடுபாதைகளைப் போட்டு, குறுகிய தூரத்தில் ஏறி இறங்கும் விமானங்களை ஓட்டலாம் என்று தீர்மானித்தார்கள். 1968 ஜூலையில் நம்சோஸ், புரொன்னொய்சுண்ட், சாண்ட்னெஸ்சோயென், மூ இ ரானா ஆகிய நான்கு இடங்களில் முதல் குட்டி நிலையங்கள் திறக்கப்பட்டன. விடெரோ 19 பேர் அமரும் ட்வின் ஒட்டர் விமானங்களோடு அங்கே பறக்கத் தொடங்கியது. அதுவரை மிதவை விமானங்கள் தண்ணீரில் இறங்கின. பனிக்கட்டியும் இருட்டும் வந்தால் அவை நின்றுவிடும். அடுத்த சில ஆண்டுகளில் மேற்குக் கரை, லொஃபோட்டன் தீவுகள், கடைசியாக 1974-இல் வடகோடியான ஃபின்மார்க் என்று ஊர் ஊராக நிலையங்கள் எழுந்தன.

சுருக்கமாகச் சொன்னால், பயணிகள் கூட்டம் இருக்கிறது என்பதற்காகப் போட்ட பாதைகள் அல்ல இவை. அந்த ஊர்களில் மக்கள் தொடர்ந்து வாழ வேண்டும் என்பதற்காகப் போட்டவை. விடெரோவின் வரைபடத்தை இந்த எண்ணத்தோடு பார்த்தால்தான் அது புரியும்.

வரைபடம் சிக்கலாக இருக்கிறதே, எப்படிப் படிப்பது?

மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேற்கே சொக்ன்டால், ஃபோர்டே, சாண்டானே, ஓர்ஸ்தா–வோல்டா போன்ற மலையிடுக்கு ஊர்கள். இவை ஒஸ்லோவையும் பேர்கனையும் நோக்கியவை. நடுவில் ஹெல்கெலாண்ட், லொஃபோட்டன் பகுதி. இவற்றுக்கு மையம் பூடோ, தெற்கே போக ட்ரொண்ட்ஹைமும் உண்டு. லொஃபோட்டனில் உள்ள லெக்னெசிலிருந்து பூடோவுக்குப் பறக்கும் நேரம் அரை மணிக்கும் குறைவு. லொஃபோட்டனின் தென்முனையான மொஸ்கெனெசிலிருந்து கார்ப் படகில் வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடக்கே ட்ரொம்சோ மையம். அங்கிருந்து ஹாஸ்விக், ஹம்மர்ஃபெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக், மேஹாம்ன், பெர்லெவோக், போட்ஸ்ஃபியோர்ட், வார்டோ, வாட்சோ, கிர்கெனெஸ் என்று கரையோரமாகப் பாதைகள் போகின்றன.

இவற்றோடு பேர்கன், ஸ்டவாங்கர், ட்ரொண்ட்ஹைம், சாண்டஃபியோர்ட் போன்ற நகரங்களுக்கு இடையே வணிகப் பாதைகளும் ஓடுகின்றன. அவை வேறு எந்த நாட்டிலும் இருப்பவை போன்றவைதான்.

ட்ரொம்சோவிலிருந்து கிர்கெனெசுக்குப் போகும் விமானம் இத்தனை இடத்தில் ஏன் நிற்கிறது? நேரடியாகப் போகக்கூடாதா?

நேரடி விமானமும் உண்டு. ஆனால் நிறுத்தி நிறுத்திப் போகும் விமானம்தான் இந்த வலைப்பின்னலின் உயிர். மேஹாம்னுக்கு மட்டும் என்று ஒரு விமானம் விட்டால் அது காலியாகத்தான் போகும். நான்கு ஊர்களைக் கோத்தால் ஒரு இடத்தில் இறங்குகிறவரின் இருக்கையில் அடுத்தவர் உட்கார்ந்துகொள்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் நாளுக்குச் சில தடவை விமானம் வருவது இதனால்தான் முடிகிறது.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சில கட்டங்கள் கால் மணி நேரம்கூட இல்லை. மேலே ஏறி, இடுப்புப் பட்டை விளக்கு அணையும் முன்பே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். கதவு திறக்கும், சில்லென்ற காற்று உள்ளே வரும். பள்ளிப் பையோடு ஒரு பையன் இறங்குவான், மருத்துவத் தாதி ஒருவர் ஏறுவார், கீழே பொதிகளை இறக்குவார்கள், கதவு மூடும். தொடர்ந்து போகிறவர்கள் பெரும்பாலும் இருக்கையிலேயே இருக்கலாம். நிலையத்தின் உள்ளே ஒரே மண்டபம்தான் இருக்கும். பைகளைப் பதிவுசெய்யும் மேசையிலிருந்து பாதுகாப்புச் சோதனை நாலடி தூரம். காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நடுவில் ஒரு ஊரில் காற்றோ மூடுபனியோ அதிகமாக இருந்தால் விமானம் அந்த ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அங்கே இறங்க வேண்டியவர் நீங்களாக இருந்தால் பேருந்தோ வாடகைக் காரோ பிடித்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

நட்டம் வரும் பாதைகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

அரசு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் விதிகளில் பொதுச்சேவைக் கடமை என்று ஒரு ஏற்பாடு உண்டு. சந்தையை மட்டும் நம்பினால் விமானமே வராத இடத்துக்கு அரசு நிபந்தனை போட்டுச் சேவையை வாங்கலாம் என்பதே அதன் சாரம். நோர்வேயில் 1997 ஏப்ரல் முதல் இது ஒப்பந்தப்புள்ளி முறையில் நடக்கிறது. எந்த ஊருக்கு, நாளுக்குக் குறைந்தது எத்தனை தடவை, எத்தனை இருக்கை, கட்டணம் அதிகபட்சம் எவ்வளவு என்பதையெல்லாம் அரசு முன்கூட்டியே எழுதிவைக்கும். 'இதை ஓட்ட எனக்கு இவ்வளவு மானியம் வேண்டும்' என்று நிறுவனங்கள் எழுதிக் கொடுக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றி, குறைவாகக் கேட்டவருக்குச் சில ஆண்டுகளுக்கு அந்தப் பாதை தனியுரிமையாகக் கிடைக்கும். விடெரோ பெரும்பாலான பாதைகளை வெல்கிறது. எல்லாவற்றையும் அல்ல, டென்மார்க்கின் டிஏடி போன்ற நிறுவனங்களும் சிலவற்றை ஓட்டுகின்றன.

நிலையங்களின் செலவு தனி. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவது அவினோர் என்ற அரச நிறுவனம். ஒஸ்லோவின் கார்டர்மோன் போன்ற பெரிய நிலையங்களில் வரும் இலாபத்திலிருந்துதான் பெர்லெவோக் போன்ற நிலையத்தின் விளக்கும் எரிகிறது, பனியும் அள்ளப்படுகிறது. ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு ஸ்பெயின் போகிற ஒருவர், தான் ஒருநாளும் போகப்போகாத ஒரு மீனவ ஊரின் ஓடுபாதைக்கும் பங்கு கொடுக்கிறார். இது நல்ல ஏற்பாடு என்பதே என் உறுதியான கருத்து. வீண்செலவு என்று சொல்கிறவர்கள் அந்த ஊரில் ஒரு குளிர்காலம் இருந்து பார்க்க வேண்டும்.

கட்டணம் மிக அதிகம் என்கிறார்களே?

அதிகமாகத்தான் இருந்தது. குட்டி விமானம், குறைந்த பயணிகள், நீண்ட குளிர்காலம் என்று எல்லாமே செலவுதான். ஒஸ்லோவிலிருந்து இலண்டன் போகிற காசு பக்கத்து மாவட்டத்துக்குப் போகப் போதாது என்று வடக்கில் உள்ளவர்கள் நெடுங்காலமாகக் குறைப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் அரசு மானியப் பாதைகளின் அதிகபட்சக் கட்டணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. அது பெரிய மாற்றம். மானியமில்லாத பாதைகளில் விலை சந்தைப்படிதான் போகும், அங்கே முன்கூட்டியே பதிவுசெய்வது நல்லது.

மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. அரசின் நோயாளர் பயணத் திட்டம் கட்டணத்தை ஏற்கும், நீங்கள் கொடுப்பது ஒரு சிறிய பங்குதான். ஃபின்மார்க்கில் மருத்துவமனை ஹம்மர்ஃபெஸ்டிலும் கிர்கெனெசிலும் மட்டும் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ட்ரொம்சோ. ஆகவே காலை விமானங்களில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கண் பரிசோதனைக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ போகிறவராக இருக்கக்கூடும். அவசர நோயாளரை ஏற்றும் விமானச் சேவை இதிலிருந்து வேறானது.

800 மீட்டர் ஓடுபாதையில் இறங்குவது ஆபத்தில்லையா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் பெரிய இழப்புகள் நடந்திருக்கின்றன. 1982 மார்ச்சில் மேஹாம்ன் அருகே ட்வின் ஒட்டர் ஒன்று கடலில் விழுந்து அதில் இருந்த 15 பேரும் இறந்தார்கள். 1988 மே 6-இல் புரொன்னொய்சுண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த டாஷ் 7 விமானம் டோர்காட்டன் மலையில் மோதி 36 பேர் உயிரிழந்தார்கள். 1990 ஏப்ரலில் வாரோய் தீவில் ஐந்து பேர், 1993 அக்டோபரில் நம்சோஸ் அருகே ஆறு பேர். சிறிய ஊர்கள் என்பதால் ஒவ்வொரு விபத்தும் ஊரின் எல்லா வீட்டையும் தொட்டது.

அந்த ஆண்டுகளுக்குப் பின் நிறைய மாறியது. 1990-களில் ட்வின் ஒட்டர்களுக்குப் பதிலாக 39 பேர் அமரும் டாஷ் 8 வந்தது. விமானிகளின் பயிற்சியும் நடைமுறைகளும் இறுக்கப்பட்டன. மலை சூழ்ந்த நிலையங்களில் வழக்கமான தரையிறங்கு கருவிகளைப் பொருத்துவது கடினம் என்பதால், செய்மதி வழியாக விமானத்தைச் சரியான கோணத்தில் இறக்கும் முறை 2007-இல் புரொன்னொய்சுண்டில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் போனது. நம்சோசுக்குப் பிறகு விடெரோ விமானத்தில் உயிரிழப்பு நடக்கவில்லை.

இறங்கும்போது சக்கரம் கொஞ்சம் அழுத்தமாகத் தரையைத் தொடும், உடனே பலமாக வேகம் குறையும். பயப்படாதீர்கள். பாதை குட்டை என்பதால் வேண்டுமென்றே அப்படி இறக்குகிறார்கள். காற்று எல்லையை மீறினால் விமானி இறங்கவே மாட்டார்.

விமானங்கள் மிகப் பழையவை என்று கேள்விப்பட்டேன். புதியவை ஏன் வாங்கவில்லை?

வாங்க ஆளிருக்கிறது, செய்ய ஆளில்லை. இந்த வலைப்பின்னலின் மிகப் பெரிய கவலை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுமார் 40 பேரை ஏற்றிக்கொண்டு, 800 மீட்டரில், பனி படிந்த பாதையில், பக்கக் காற்றில் இறங்கி ஏறக்கூடிய விமானம் டாஷ் 8-100. அதைக் கனடாவில் செய்வதை நிறுத்தி நெடுநாளாகிவிட்டது. உலகம் பெரிய விமானங்களின் பக்கம் போய்விட்டது. விமானத்தின் வயதைக் கணக்கிடும்போது பறந்த நேரத்தோடு ஏறி இறங்கிய தடவையையும் எண்ணுவார்கள். ஃபின்மார்க்கில் ஒரே நாளில் ஒரு விமானம் பல தடவை ஏறி இறங்குவதால் அந்த எண்ணிக்கை வேகமாக நிரம்பும். ஆரம்பத்தில் வைத்த எல்லை 80,000 தடவை. அது நெருங்கியபோது, உடற்பகுதிகளை ஆராய்ந்து, மாற்ற வேண்டியதை மாற்றி, 1,20,000 தடவை வரை பறக்க வழிசெய்தார்கள். ஆகவே பழையது என்பதால் பராமரிப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் 1,20,000 என்பதும் ஒரு எல்லைதான்.

மாற்று தேடாமலும் இல்லை. இத்தாலியின் டெக்னம், ரோல்ஸ் ராய்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 2026-இல் சிறிய மின்சார விமானத்தைப் பறக்கவிடுவோம் என்று விடெரோ அறிவித்தது. மின்கலங்கள் போதிய அளவு முன்னேறவில்லை என்று டெக்னம் 2023-இல் அந்தத் திட்டத்தை ஒதுக்கிவைத்தது. ஏடிஆர் நிறுவனமும் குட்டி ஓடுபாதைக்கென்று வடிவமைத்துவந்த 42-600எஸ் விமானத்தை அதே ஆண்டில் கைவிட்டது. மறுபக்கம், நீண்ட பாதைகளுக்கு விடெரோ தயங்காமல் புதியதை வாங்கியது. எம்ப்ராயர் இ190-இ2 ரக விமானத்தை உலகிலேயே முதலாவதாக 2018 ஏப்ரலில் பெற்றது விடெரோதான். ஆனால் அதை மேஹாம்னில் இறக்க முடியாது.

மின்சார விமானத்துக்கு ஏற்ற இடம் நோர்வேயின் குறுகிய பாதைகள்தான் என்பதை நான் இன்னும் நம்புகிறேன். கால் மணி நேரப் பறப்புக்கு மின்கலம் போதும் என்ற நாள் வரும். அதுவரை பழைய டாஷ்களைத்தான் பேண வேண்டும்.

குட்டி நிலையங்களை மூடிவிட்டுப் பெரியது ஒன்றைக் கட்டினால் என்ன?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. நார்விக் நகருக்குள் இருந்த ஃப்ராம்னெஸ் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஹோலோகலாண்ட் பாலம் திறந்து, எவெனெஸ் பெரிய நிலையத்துக்கான சாலை 18 கிலோமீட்டர் குறைந்தது. அங்கே அது நியாயமான மாற்றம். மூ இ ரானாவிலும் நீளமான ஓடுபாதையோடு புதிய நிலையம் கட்டுகிறார்கள். ஆனால் அதனால் பக்கத்து ஊரான மோசோயெனின் நிலையம் என்னவாகும் என்ற கவலை அங்கே இருக்கிறது. லொஃபோட்டனில் எங்கே கட்டுவது என்று பல பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது.

வாரோய் தீவின் கதை வேறு. 1986-இல் திறந்த நிலையம், மலைக்காற்றின் சுழலில் 1990-இல் நடந்த விபத்துக்குப் பின் மூடப்பட்டு, விமானங்களுக்குத் திரும்பத் திறக்கப்படவே இல்லை. இன்று பூடோவிலிருந்து அங்கே ஹெலிகொப்டர் போகிறது. அதுவும் மானியப் பாதைதான். பக்கத்திலுள்ள ரோஸ்ட் தீவுக்கு விமானம் இருக்கிறது.

அந்த ஊர்களில் தமிழர்கள் இருந்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மைதான். 1980-களிலும் 90-களிலும் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பலர் முதலில் வேலை பார்த்தது ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில். வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தன. பிறகு பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று பலர் ஒஸ்லோப் பக்கம் நகர்ந்தார்கள். இன்று ஒஸ்லோவில் வளர்ந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம் ஃபின்மார்க் என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் குட்டி விமானத்தின் ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை வரும். குளிர்காலத்தில் பெர்லெவோக், போட்ஸ்ஃபியோர்ட் மலைச்சாலைகளில் பனிவெட்டும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் கார்கள் விடப்படும், சில நாள் அதுவும் கிடையாது. வெளியுலகத்துக்குப் போக விமானமோ கப்பலோதான் மிச்சம்.

விமானம் தாமதமானால் அல்லது ரத்தானால்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணி உரிமை விதிகள் நோர்வேயிலும் செல்லும். 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பாதையில் நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். மோசமான வானிலை என்றால் இழப்பீடு இல்லை. ஆனால் உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும், மாற்றுப் பயணமும் அப்போதும் நிறுவனத்தின் பொறுப்புதான். இதை எழுத்தில் கேளுங்கள்.

குளிர்காலத்தில் வடக்கே போகிறவர்கள், ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முதல் நாள் இரவே ஒஸ்லோ வந்து சேரும்படி திட்டமிடுங்கள். எல்லாப் பயணத்தையும் ஒரே பதிவில் வாங்கினால், ஒரு கட்டம் தவறும்போது அடுத்ததை மாற்றித்தருவது அவர்கள் கடமையாகிறது. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நோர்வேக்கு வெளியே பறக்கிறதா?

கொஞ்சம். பேர்கனிலிருந்து ஸ்கொட்லாந்தின் அபர்டீனுக்குப் போகும் பாதை எண்ணெய்த் தொழிலாளர்களுக்கானது, சாண்டஃபியோர்டிலிருந்து கோபன்ஹேகன் போகும் பாதை மாற்று விமானம் பிடிப்பவர்களுக்கானது. கோடையில் வேறு சில சேரும்.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் எந்தப் பாதை?

நேரம் இருந்தால் ட்ரொம்சோவிலிருந்து கிர்கெனெசுக்குக் கரையோர ஊர்களில் நின்று போகும் விமானம். நேரம் குறைவு என்றால் லொஃபோட்டனுக்குப் போகும் பூடோ–ஸ்வோல்வார் அல்லது பூடோ–லெக்னெஸ். வடக்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது, ஜன்னலில் எதுவும் சரியாகத் தெரியாது. பார்ப்பதற்காகவே போகிறவர்களுக்கு மார்ச் முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். பல பாதைகளில் போக ஆசை என்றால், கோடையில் இரண்டு வாரத்துக்கு நினைத்த பாதையில் பறக்கும் சுற்றுச்சீட்டு ஒன்றை விடெரோ விற்றுவந்திருக்கிறது. நீங்கள் போகும் ஆண்டில் அது உண்டா என்று அவர்களின் பதிவுப் பக்கத்தில் முதலில் பார்த்துவிட்டு மற்றச் சீட்டுகளை வாங்குங்கள்.